ஒரு விளக்கும் ஒரு மறையுரையும்

சென்ற தவக்காலத்தில், பங்குகள் சில கூடி நடத்திய தியானப் பெருவிழா ஒன்றில், பேச்சுவன்மை மிக்க போதகர் ஒருவரின் உரையைக் கேட்க நேர்ந்தது. திரைப்படத்தின் தீமைகளைப் பற்றிப் பேச எழுந்தவர், 1897-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் நிகழ்ந்த பெருந்தீயை எடுத்துரைத்தார். திரைப்படம் பிறந்து ஈராண்டு நிறையுமுன்னே இறைவன் தம் சினத்தைத் தீயின் நாவினால் எழுதிக் காட்டிவிட்டார் என்றும், எரிந்து மாண்டவர்கள் அதன் முதற் சாட்சிகள் என்றும் முழங்கினார். கூட்டம் ‘அல்லேலூயா’ என்று ஆர்ப்பரித்தது. மேடையோரத்து நாற்காலியில் அமர்ந்திருந்த நாம் வாய் திறவாது இருந்தோம். அது நம் கோழைத்தனம். இக்கட்டுரை அதற்கான கழுவாய் என்று கொள்க.

திருப்பலி முடிந்தபின் கோவில் முற்றத்தில் ஓர் அம்மா நம்மிடம் வந்தார். பட்டாசு ஆலை விபத்தொன்றில் மகளைப் பறிகொடுத்தவர். “சாமி, தீயில சாகுறது சாபமுன்னு சொன்னாங்களே, எம்மவ செஞ்ச பாவமா, இல்ல நான் செஞ்ச பாவமா?” என்று கேட்டார். இருவர் பாவமும் அன்று என்றோம். அவர் நம்பவில்லை. “மைக்குல சொன்னாகளே சாமி” என்றார். ஒலிபெருக்கியில் சொல்லப்பட்டதை முற்றத்தில் நின்று மெல்லிய குரலில் மறுத்தால் எடுபடாது என்று அன்றுதான் கண்டோம். ஆகவே எழுதுகிறோம்.

அந்தத் தீ எவ்வாறு பற்றியது என்பதை அறிய, முதலில் விளக்கைப் பற்றி அறிதல் வேண்டும். நம் போதகர்கள் விண்ணகத்தின் கருத்தை ஆராயும் ஆர்வத்தில் விளக்கை ஒருமுறையேனும் திறந்து பார்ப்பதில்லை.

ஒரு பெட்டி, அதனுள் ஒரு சுடர், சுடருக்கு முன் ஒரு கண்ணாடி வில்லை, வில்லைக்கு முன் ஓவியம் தீட்டிய கண்ணாடித் தகடு, அதற்கும் முன் மற்றொரு வில்லை. எதிரே வெள்ளைச் சுவர். மாயவிளக்கு என்று வழங்கிய மேஜிக் லாந்தரின் உறுப்புகள் இவ்வளவே. இதனைக் கண்டுபிடித்தவர் இயேசு சபைத் துறவி அத்தனாசியுஸ் கிர்ச்சர் என்று கத்தோலிக்கராகிய நாம் நெடுங்காலம் பெருமை பேசி வந்தோம். நாமும் குருமட நாளில் அவ்வாறே எழுதி மதிப்பெண் பெற்றோம். உண்மை அதுவன்று. 1659-ஆம் ஆண்டிலேயே ஆலந்து நாட்டு அறிஞர் கிறிஸ்தியான் ஹைகன்ஸ் அதற்கெனத் தலையைக் கழற்றி மாட்டும் எலும்புக்கூட்டுப் படங்களை வரைந்து வைத்துள்ளார். கிர்ச்சர் அதனைப் படத்துடன் விளக்கியது 1671-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான். அப்படத்திலும் ஓவியத் தகடு வில்லைக்கு வெளியே, இருக்கக்கூடாத இடத்தில், இருக்கிறது. ஹைகன்சோ இதனை அற்பப் பொருளென்று கருதி, தம் பெயர் அதனோடு சேர்வதை விரும்பவில்லை. பிரெஞ்சு அரசவையில் காட்டுவதற்குத் தந்தை கேட்டபோது, அது சரியாக இயங்காதபடி ஏதேனும் செய்துவிடுமாறு உடன்பிறந்தாருக்கு எழுதினார்! தம்முடையதைத் தமதென்று சொல்ல அவர் நாணினார். நாமோ நம்முடையதல்லாததை நமதென்றோம். சிறு பிழைதான். ஆனால் நமக்குப் பெருமை தருவது எனின் ஆராயாமல் ஏற்பதும், அச்சம் தருவது எனின் ஆராயாமல் பரப்புவதும் ஒரே பழக்கத்தின் இரு கிளைகள் என்பதால் இங்கே குறித்தோம்.

இவ்விளக்கின் குறை ஒளியில்தான் இருந்தது. எண்ணெய்ச் சுடரைக் கொண்டு ஓர் அறைச் சுவரை நிரப்பலாம். ஆயிரம் பேர் அமரும் மண்டபத்தை நிரப்ப இயலாது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் அறிவுத்திறன் ஒரு பெரும்பகுதி இவ்வொளியைத் தேடியே செலவாயிற்று எனலாம். 1792-இல் வில்லியம் மர்டாக் என்பார் கார்ன்வால் பகுதியில் தம் இல்லத்தை நிலக்கரி வாயுவினால் ஒளியேற்றினார். 1807-இல் இலண்டன் பால்மால் தெருவில் வாயு விளக்குகள் எரிந்தன. 1812-இல் அதற்கென ஒரு நிறுவனமே அரச பட்டயம் பெற்றது. விக்டோரியா அரசி முடிசூடிய நாளில், நகரத்து வீதிகளுக்கு அடியில் வாயுக் குழாய்கள் ஓடிக்கொண்டிருந்தன.

அடுத்து வந்ததே வியப்புக்குரியது. ஆக்சிஜனையும் ஹைட்ரஜனையும் கலந்து எரிக்கும் சுடரில் சுட்ட சுண்ணாம்புக் கட்டியைக் காட்டினால், சுண்ணாம்பு உருகாமல், கண் கூசும் வெண்ணொளியை உமிழும். கோல்ட்ஸ்வொர்தி கர்னி இதனை ஆராய்ந்தார். தாமஸ் டிரம்மண்ட் 1825-இல் அயர்லாந்து நில அளவைப் பணியில் ஒரு மலையுச்சியில் இதனை ஏற்ற, அறுபது மைலுக்கு அப்பாலும் அது தெரிந்தது. 1837-இல் இலண்டன் கோவென்ட் கார்டன் அரங்கின் மேடைக்கு வந்தது. புகழின் வெளிச்சத்தில் நிற்பவரை ஆங்கிலேயர் இன்றும் ‘லைம்லைட்’டில் நிற்பவர் என்பர். நம் வெற்றிலைப் பெட்டியில் இருக்கும் சுண்ணாம்பின் உடன்பிறப்புக்கு எத்தகைய உயர்வு!

இந்த ஒளி கிடைத்தபின் மாயவிளக்கு மண்டபங்களை ஆண்டது. 1838-இல் இலண்டன் ரீஜன்ட் தெருவில் திறக்கப்பட்ட பாலிடெக்னிக் நிறுவனத்தில் ஒரு படம் மெல்லக் கரைந்து மற்றொரு படமாக மாறுவதைக் காண மக்கள் திரண்டனர். மதுவிலக்குச் சங்கங்கள், ஞாயிறு மறைப்பள்ளிகள், மறைபரப்பு மன்றங்கள் ஆகிய யாவும் இவ்விளக்கைக் கையாண்டன. வில்சன் கார்லைல் 1882-இல் நிறுவிய ஆங்கிலிக்கச் ‘சர்ச் ஆர்மி’ இதனைத் தன் முதன்மைக் கருவிகளுள் ஒன்றாக்கியது. ஆஸ்திரேலியாவில் இரட்சணிய சேனை 1892-இல் ‘லைம்லைட் துறை’ என்றே ஒரு துறையை ஏற்படுத்தி, 1900-ஆம் ஆண்டு செப்டம்பரில் மெல்போர்ன் நகர மண்டபத்தில் தொடக்கக் கால மறைசாட்சியர் வரலாற்றைக் கண்ணாடிப் படங்களும் அசையும் படங்களும் கலந்து காட்டியது.

ஆனால் இந்த ஒளி எளிதில் அடங்குவதன்று. ஆக்சிஜனும் மற்ற வாயுவும் தனித்தனித் தோற்பைகளிலோ இரப்பர்த் துணிப்பைகளிலோ அடைக்கப்பட்டு, இரு பலகைகளுக்கு நடுவே வைக்கப்பட்டு, மேலே எடைக்கற்கள் ஏற்றப்படும். எடை வேறுபட்டு ஒரு பையின் வாயு மற்றதனுள் புகுந்தால் வெடிக்கும். வாயுக் குழாய் இல்லாத இடங்களுக்கென மற்றொரு வகை செய்யப்பட்டது: ஈதர் என்னும், காற்றுப் பட்டதும் ஆவியாகும் நீர்மத்தில் ஊறிய பொருளின் வழியே ஆக்சிஜனைச் செலுத்தி, அந்த ஆவியையே எரிபொருளாகக் கொள்வது. மருத்துவர்கள் மயக்கமருந்தாகப் பயன்படுத்திய அதே ஈதர். ஒளி நன்று, எடுத்துச் செல்வது எளிது. ஆனால் எரியும் பொருள் அருகில் இருக்கையில் அதன் குப்பியைத் திறப்பது பட்டாசு மருந்து உலரும் இடத்தில் தீக்குச்சி கிழிப்பதற்கு ஒப்பாகும்.

அசையும் படத்தைக் கண்டவர் யார் என்ற வழக்கிற்குள் நாம் நுழைய விரும்பவில்லை. லீட்சில் லெ பிரான்ஸ், அமெரிக்காவில் எடிசனும் அவரிடம் பணியாற்றிய டிக்சனும், இலண்டனில் இராபர்ட் பால், பிரான்சில் லூமியேர் சகோதரர் எனப் பல கைகள் பட்டு வந்தது அது. நாம் கருதவேண்டியது ஒன்றே. 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸ் கிராண்ட் கஃபேயில் கட்டணம் செலுத்தியவர்களுக்கு லூமியேர் படங்கள் காட்டப்பட்டன. 1896 பிப்ரவரி 20 அன்று இலண்டனில் அவை காட்டப்பட்ட இடம், மாயவிளக்கின் கோவிலாகிய அதே ரீஜன்ட் தெருப் பாலிடெக்னிக். புதுக்கருவி பழைய விளக்கின் முகத்தில் மாட்டப்பட்ட ஓர் உறுப்பே. கண்ணாடித் தகடு இருந்த இடத்தில் படச்சுருள் ஓடியது. பின்னால் எரிந்தது பழைய சுடர்தான். திரைப்படம் எங்கிருந்தோ வந்து திருச்சபையின் வாயிலைத் தட்டிய அந்நியன் என்பது பொய். மறைக்கல்வி வகுப்பிலே தவழ்ந்த பிள்ளை அது.

இனிப் பாரிஸ். 1885 முதல் ஆண்டுதோறும் கத்தோலிக்கப் பெருங்குடியினர் ஏழைகளுக்காக நடத்திவந்த அறச்சந்தை, 1897-இல் ழான்-குஜோன் தெருவில் கூடியது. ஏறத்தாழ 80 மீட்டர் நீளமும் 13 மீட்டர் அகலமும் கொண்ட மரக்கொட்டகை. உள்ளே மத்திய காலப் பாரிஸ் வீதியொன்றைத் துணியாலும் அட்டையாலும் வண்ணத்தாலும் அமைத்திருந்தார்கள். மேலே தார் பூசிய துணிப்பந்தல். ஒரு மூலையில் அசையும் படக்காட்சி. மே 4 அன்று பிற்பகல் திருத்தந்தையின் தூதர் வந்து ஆசி வழங்கிச் சென்றார். அதன்பின் சிறிது நேரத்தில் படக்காட்சியின் ஈதர் விளக்கு மங்கியது. குப்பியை நிரப்பவேண்டும், இருட்டாக இருக்கிறது, உதவியாளர் தீக்குச்சியைக் கிழித்தார். ஈதர் ஆவி பற்றிக்கொண்டது. திரைச்சீலை, அட்டை வீதி, தார்ப்பந்தல் எனத் தீ ஏறிச் சில நிமிடங்களில் கொட்டகை முழுவதும் எரிந்து வீழ்ந்தது.

இறந்தோர் ஏறத்தாழ 125 பேர், மிகப்பெரும்பாலோர் பெண்கள். ஏழைகளுக்காகக் கடை விரித்தவர்கள், அவர்களுடன் கன்னியர் சிலர், சில சிறுமியர். ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத்தின் தங்கையும் தொமினிக் மூன்றாம் சபையினருமான அலான்சோன் கோமகள் தம் கடையில் இருந்த பெண்களை முன்னே அனுப்பிவிட்டுத் தாம் பின்தங்கி மாண்டார். பல்லைக் கொண்டே உடலை அடையாளம் காண முடிந்தது. கொட்டகையின் பின்னே சுவர்களால் அடைபட்ட வெற்றிடத்தில் சிக்கித் தவித்தவர்களை, அடுத்திருந்த விடுதியின் சமையற்காரர் தம் அடுக்களைச் சன்னல் கம்பிகளைப் பெயர்த்து உள்ளே இழுத்துப் போட்டார். எத்தனையோ உயிர்கள் அச்சன்னல் வழியே பிழைத்தன.

நான்கு நாள் கழித்து, மே 8 அன்று, நோத்ர் தாம் பேராலயத்தில் இரங்கல் வழிபாடு. நாட்டின் தலைவர் பெலிக்ஸ் போர் அமர்ந்திருக்க, தொமினிக் சபைத் தந்தை ஒலிவியே மறையுரையாற்றினார். பிரான்சு தன் கிறிஸ்தவ மரபைக் கைவிட்டதற்கு இறைவன் கேட்ட பலி இது. குற்றவாளிகளுக்கு ஈடாகத் தூயவர்களையே அவர் தேர்ந்துகொண்டார் என்பது அதன் சாரம். நம் போதகர் திரைப்படத்தின்மேல் ஏற்றிய பழியை அவர் குடியரசின்மேல் ஏற்றினார், அவ்வளவே வேற்றுமை. பிரதிநிதிகள் அவையின் தலைவர் ஆன்றி பிரிசோன் அவையில் எழுந்து இதனை மறுத்தார். அவர் திருச்சபையின் நண்பர் அல்லர். எனினும், தாய்மாரையும் குழந்தைகளையும் எரித்துப் பழிதீர்க்கும் கடவுளை ஏற்கவொண்ணாது என்று சொல்ல ஒரு திருச்சபைப் பகைவர் தேவைப்பட்டாரே என்பதை எண்ணி நாம் நாணவேண்டும்.

ஆகஸ்டு மாதம் வழக்கு நடந்தது. ஏற்பாட்டுக் குழுத் தலைவர் மக்கோ பிரபுவுக்கு 500 பிராங்க் அபராதம். விளக்கைக் கையாண்ட இருவருக்கும் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை. நீதிமன்றம் விளக்கையும் கொட்டகையையும் பார்த்தது. பீடம் வானத்தைப் பார்த்தது.

போதகரிடம் நாம் கேட்க விரும்புவன சில. திரைப்படத்தைத் தண்டிப்பது இறைவனின் கருத்தாயின், அத்தண்டனை ஏழைகளுக்காக உழைத்த பெண்களின்மேல் விழுந்தது எங்ஙனம்? முகவரி தவறிச் சென்றதோ? படச்சுருளிலிருந்து அன்று, ஈதர் குப்பியிலிருந்தே தீ பிறந்தது. அதே ஈதர் விளக்கில் புனிதர்களின் கண்ணாடிப் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தாலும் அது பற்றியிருக்கும். அப்போது என்ன சொல்லியிருப்பீர்? மின்வில் விளக்கு அந்நாளிலேயே புழக்கத்தில் இருந்தது. அதனை வைத்திருந்தால் இறைவனின் சினம் தணிந்திருக்கும் என்போமா? ஒரு விளக்கை மாற்றினால் தணியும் சினம் எத்தகைய சினம்?

இதனை நாம் பகுத்தறிவாளர் மேடையிலிருந்து கடன் வாங்கிப் பேசவில்லை. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் மாண்ட செய்தியை ஆண்டவரே எடுத்துரைத்து, அவர்கள் மற்ற எருசலேம் மக்களைவிடப் பெரிய குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்று அவரே விடையும் தருகிறார். லூக்கா நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரம். ஆனால் உடனே மனம் மாறுங்கள் என்றும் சொன்னாரே என்பார் போதகர். ஆம், சொன்னார். உயிரோடு நின்று கேட்டவர்களைப் பார்த்துச் சொன்னார். இடிபாட்டின் அடியில் கிடந்தவர்களைப் பார்த்து அன்று. பிறவிக் குருடனைக் கண்டு, பாவம் செய்தவர் இவரா, இவர் பெற்றோரா என்று சீடர் கேட்டபோதும் ஆண்டவர் இரண்டையும் மறுத்தார். நம் கோவில் முற்றத்தில் நின்ற அம்மா கேட்டது சொல்லுக்குச் சொல் அதே கேள்வி. இரண்டாயிரம் ஆண்டுகளாக அக்கேள்விக்கு விடை நம் கையில் இருக்க, அதனை ஒளித்துவைத்துக் கேள்வியை மட்டும் ஒலிபெருக்கியில் உரக்கச் சொல்கிறோம்.

புனித தோமா அக்குவினார் இதற்கு மெய்யியல் வகுத்துத் தந்தார். படைப்புகளும் தாமே காரணங்களாய்ச் செயலாற்றும் மேன்மையை இறைவன் அவற்றுக்கு அளித்துள்ளார் என்பது அவர் போதனை. தீ சுடும், ஈதர் ஆவியாகும், தார் எரியும், மனிதர் கவனமாயும் கவனமின்றியும் நடப்பர். இக்காரணங்களைக் கடந்து ஒரே தாவலில் விண்ணகத்துக்குச் செல்லும் பேச்சு, பக்தியின் உடையில் வந்தாலும், படைத்தவரின் ஒழுங்கை மதியாத பேச்சாகும். அதனினும் கொடியது அதன் பயன். இறைவன் எரித்தார் எனின், கொட்டகை கட்டியவரைக் கேட்பார் இல்லை. கதவு போதாமையைக் கேட்பார் இல்லை. பட்டாசு ஆலையில் எத்தனை பேரை ஓர் அறையில் அடைத்தார்கள் என்று கேட்பாரும் இல்லை. கூலிக்குப் போன மகளை இழந்தவர், கணக்குக் கேட்கவேண்டிய இடத்தில் கண்ணீரோடு மன்னிப்புக் கேட்டு நிற்பார்.

அவ்வாறு கேட்டவர்களால்தான் பிற்காலத்தோர் பிழைத்தனர். 1887 செப்டம்பர் 5 அன்று இங்கிலாந்தின் எக்ஸ்டர் நகரத்து அரங்கில் மேடைச் சீலை வாயு விளக்குச் சுடரில் பட்டு எரிந்தது. 186 பேர் மாண்டனர். வெளியேறும் வழிகளும் தீத்தடுப்புத் திரையும் அதன்பின் வற்புறுத்தப்பட்டன. திரைப்படக் கூடங்களுக்கென 1909-இல் பிரித்தானிய நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, படம் காட்டும் கருவியைத் தீப்பற்றாத தனி அறையில் வைக்கச் செய்தது. அந்தச் சிறிய அறைக்குக் கடன்பட்ட உயிர்கள் எத்தனை என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

அக்காலத் திருத்தந்தை என்ன செய்தார் என்பதையும் போதகர் கேட்கட்டும். பாரிஸ் தீக்கு அடுத்த ஆண்டு, 1898-இல், எடிசனிடமிருந்து பிரிந்து வேறொரு நிறுவனத்தில் சேர்ந்திருந்த அதே டிக்சன் கருவியுடன் வத்திக்கான் சென்றார். நம் முன்னோர் சிங்கராயர் என்றழைத்த 13-ஆம் லியோ, எண்பத்தெட்டு வயது முதியவர், தோட்டத்தில் அமர்ந்து கருவியை நோக்கி ஆசி வழங்கினார். அக்காட்சி இன்றும் இருக்கிறது. இறைவனின் சினத்துக்கு ஆளான பொருளுக்குத் திருத்தந்தை ஆசி வழங்கினார் என்று சொல்ல நம் போதகர் துணிவாரா? பிரான்சில் ‘போன் பிரெஸ்’ என்னும் கத்தோலிக்கப் பதிப்பகம் 1903 முதல் மாயவிளக்குக்கும் திரைப்படத்துக்கும் என்றே ஓர் இதழை நடத்தியது. நம் மண்ணில், திருச்சியில் இரயில்வேயில் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து கருவியை வாங்கி ஊர் ஊராகச் சென்றபோது, அவரிடம் இருந்த படச்சுருள்களுள் ஒன்று இயேசுவின் வாழ்வு.

திரைப்படத்தில் தீமை இல்லையா என்றால், உண்டு. 11-ஆம் பத்திநாதர் 1936-இல் அதைப் பற்றித் திருமடலே எழுதினார். ஆனால் அவர் படங்களின் உள்ளடக்கத்தை எடைபோட்டாரேயன்றி எந்தக் கொட்டகையின் சாம்பலையும் சான்றுக்கு அழைக்கவில்லை. தீய படத்தைத் தீயதென்று சொல்ல நமக்கு ஒரு பிணமும் தேவையில்லை.

வாயு விளக்கைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. 1885-இல் ஆஸ்திரியர் ஔவர் வான் வெல்ஸ்பாக் உருவாக்கிய மேண்டில் என்னும் வலைக்கு, பின்னாளில் தோரியம் என்னும் தனிமம் மிகுதியாக வேண்டியிருந்தது. அதனைத் தரும் மோனசைட் மணல் 1909-இல் திருவிதாங்கூர்க் கடற்கரையில், இன்றைய குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிப் பகுதியில் கண்டறியப்பட்டது. சிறுவயதில் மாதா சப்பரத்துக்கு முன் தலையில் தூக்கிச் செல்லப்பட்ட பெட்ரோமாக்ஸ் விளக்கினுள் ஒளிர்ந்ததும் அதே வகை வலைதான். காற்றடிப்பவர் சற்றே மிகையாக அடித்துவிட்டால், உபதேசியார் ஓடிவந்து, “பிள்ளைகளா, தள்ளி நில்லுங்க” என்று எங்களை விலக்குவார். சினம் யாருடையது என்று அவர் ஆராய்ந்ததில்லை.

அந்த அம்மாவின் இல்லத்துக்குச் சென்ற வாரம் சென்றோம். மேற்சொன்னவற்றுள் பாதியைச் சொன்னோம். லூக்கா நற்செய்தியின் அப்பகுதியை இருமுறை வாசித்தோம். அவர் அழவில்லை. “அந்தச் சமையற்காரரு பேரு என்ன சாமி?” என்று மட்டும் கேட்டார். திரும்பி வந்ததும் நம் பங்கு மன்றத்தின் பின்கதவைத் திறந்து பார்க்கத் தோன்றியது. சென்ற திருவிழாவின் பெஞ்சுகளும் பந்தல் துணிகளும் அதன்மேல் சாய்த்து அடுக்கப்பட்டிருந்தன. பூட்டின் சாவி எங்கே என்று கோவில்பிள்ளைக்கும் தெரியவில்லை. வாரந்தோறும் அம்மண்டபத்தில் இருநூறு குழந்தைகளுக்கு மறைக்கல்வி நடக்கிறது. பெஞ்சுகளை அன்று மாலையே அகற்றினோம். சாவி கிடைக்காததால் பூட்டை உடைக்கவேண்டியதாயிற்று.